ஜாம் கம்பெனி நிலத்தில் ஒரு பௌஹவுஸ் பள்ளிக்கூடம்!

கேம்பிரிட்ஜ் என்றதும் எல்லாரும் கிங்ஸ் காலேஜ் தேவாலயத்தைப் பார்க்கவும் காம் நதியில் படகு விடவும் ஓடுவார்கள். ஓடட்டும்! நாம் வடக்கே போகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வோம். அந்த பஸ்ஸே ஒரு வேடிக்கைதான். பழைய ரயில் பாதை இருந்த இடத்தில் கான்கிரீட் தடம் போட்டிருக்கிறார்கள். தடத்தில் ஏறிவிட்டால் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம், தடமே வண்டியை நடத்திக்கொண்டு போகும். 2011-ல் வந்த ஏற்பாடு இது. 5 கிலோமீட்டர் போனால் ஹிஸ்டன், இம்பிங்டன் என்று ஒட்டிக்கிடக்கும் இரண்டு கிராமங்கள். இங்கே 1873-ல் சிவர்ஸ் குடும்பம் ஜாம் தயாரிக்கத் தொடங்கியது. தங்கள் தோட்டத்துப் பழத்தைக் காய்ச்சி, பக்கத்து ஸ்டேஷனிலேயே ஜாம்ஜாமென்று ரயிலேற்றி அனுப்பினார்கள்.

அந்த ஜாம் குடும்பம் கொடுத்த நிலத்தில்தான் நாம் பார்க்க வந்த பள்ளிக்கூடம் நிற்கிறது. பெயர் இம்பிங்டன் வில்லேஜ் காலேஜ். பெயரில்தான் காலேஜ், படிப்பது 11 வயதில் சேருகிற பிள்ளைகள். அரசுப் பணத்தில் நடக்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளி. கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் உண்டு.

சரி, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஆமாம், இதற்குத்தான்! இதை வடிவமைத்தவர் யார் தெரியுமா? வால்டர் குரோப்பியஸ்! 1919-ல் ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப்பள்ளியைத் தொடங்கி, நாற்காலி முதல் நகரம் வரை உலகம் பொருள்களைப் பார்த்த பார்வையையே மாற்றியவர். நாஜிகளின் நெருக்கடியில் பௌஹவுஸ் 1933-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு குரோப்பியஸ் லண்டன் வந்து சேர்ந்தார். கூட்டாளியாகக் கிடைத்தவர் மாக்ஸ்வெல் ஃப்ரை. பிற்பாடு நம்முடைய சண்டிகர் நகரத்தில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவோடு வேலை செய்தாரே, அதே ஃப்ரை!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பழம்பெருமை வாய்ந்த கிரைஸ்ட்ஸ் கல்லூரிக்காகவும் குரோப்பியஸ் ஒரு கட்டடம் வரைந்து கொடுத்தார். அங்கிருந்த பேராசிரியர்கள் வாக்கெடுப்பு நடத்தி வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். பெரிய கல்லூரி வேண்டாமென்ற கலைஞரை ஜாம் கிராமம் இரு கைநீட்டி வரவேற்றது. அந்த ஒரு முடிவுக்காகவே இந்த ஊரைக் கட்டிக்கொள்ளலாம்!

ஊர் அவரை வரவேற்கக் காரணமானவர் ஹென்றி மாரிஸ். 1922 முதல் 1954 வரை கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் தலைமைக் கல்வி அதிகாரி. குழாய் வேலை செய்தவரின் மகன். 14 வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வேலைக்குப் போனவர். பிறகு தானே முயன்று பல்கலைக்கழகம் ஏறியவர். மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தால், ஒற்றை அறையில் எல்லா வயதுப் பிள்ளைகளும் அடைந்து கிடக்கும் கிராமப் பள்ளிகள். இளசுகள் பிழைப்புக்கு நகரம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். 1924-ல் மாரிஸ் ஓர் அறிக்கை எழுதினார். பல கிராமங்களுக்குப் பொதுவாக ஒரு பெரிய வளாகம் கட்ட வேண்டும். பகலில் அது பள்ளி, மாலையில் அதே வளாகம் ஊராருக்கு நூலகம், பட்டறை, நாடக அரங்கம், பேச்சு மண்டபம். தவழும் வயதில் உள்ளே வருகிறவர் தள்ளாத வயது வரை வந்துகொண்டே இருக்கலாம். படிப்பு முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை! எழுதியதோடு நிற்காமல் கட்டியும் காட்டினார். முதலாவது 1930-ல் சாஸ்டனில், பிறகு 1937-ல் பாட்டிஷமிலும் லிண்டனிலும். நான்காவதுதான் நம்முடையது.

பணம்தான் இடித்தது. குரோப்பியஸுக்கான கட்டணத்தை மாவட்ட கவுன்சில் தரத் தயாராக இல்லை. லண்டனில் அவருக்குத் தங்க இடம் கொடுத்த ஜாக் பிரிட்சர்டும் நண்பர்களும் நன்கொடை திரட்டினார்கள். 1937-ல் குரோப்பியஸ் ஹார்வர்டுக்குக் கப்பலேற, கட்டடத்தை எழுப்பும் பொறுப்பு ஃப்ரையின் தலையில் விழுந்தது. 1939-ல், போர் மூண்ட அதே ஆண்டில், பள்ளி திறந்துவிட்டது.

வாங்க, உள்ளே போவோம்!

கோட்டை மாதிரி மிரட்டும் முகப்பை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் ஒற்றைத் தளம், அடக்கமான செங்கல் சுவர்கள், பழைய மாளிகைத் தோட்டத்தின் ஓங்கிய மரங்கள். மரங்களை வெட்டித் தள்ளாமல், அவற்றுக்கு நடுவே கட்டடம் ஒதுங்கி, நீண்டு, திரும்பிப் போகிறது. நுழைந்ததும் அகலமான ஒரு நடைக்கூடம். வைத்த பெயரே 'பிராமனேட்'. கடற்கரை ஊர்களில் காற்று வாங்க உலாவும் சாலைக்கு ஆங்கிலேயர் வைக்கும் பெயரைப் பள்ளி நடைபாதைக்குச் சூட்டியிருக்கிறார்கள். வெறுமனே கடந்து போக மட்டும் கட்டியிருந்தால் இத்தனை அகலம் எதற்கு? பிள்ளைகள் நின்று அரட்டையடிக்கட்டும், ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கட்டும் என்றுதான்! இந்தக் கூடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா இடத்துக்கும் வழி கிடைத்துவிடும்.

ஒரு பக்கம் அரங்கம். மேடை இருக்கும் இடத்தில் குறுகி, பின்வரிசை போகப்போக அகன்று, பனையோலை விசிறி விரித்த மாதிரி. கடைசி வரிசைக்காரருக்கும் மேடை ஒளியாமல் தெரிய வேண்டும் என்ற கணக்கு அது. காலையில் பிள்ளைகள் கூடும் அதே இருக்கைகளில் மாலையில் பண்ணையாட்களும் ஆலைத் தொழிலாளிகளும் வந்து உட்கார வேண்டும் என்பது மாரிஸின் கனவு.

இப்போது வகுப்பறைகள். என் மனம் பறிபோன இடம் இதுதான்! ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக் கதவுகளை மடித்து ஒதுக்கிவிட்டால் சுவரே காணாமல் போய், பாடம் புல்வெளிக்கு வந்துவிடும். எதிர்ப்பக்கம் தாழ்ந்த கூரையோடு நடைபாதை ஓடுகிறது. அந்தக் கூரைக்கு மேலே, வகுப்பறைச் சுவரின் உச்சியில், இன்னொரு வரிசை ஜன்னல்கள். ஆக, இரண்டு பக்கமும் வெளிச்சம், இரண்டு பக்கமும் காற்று. கடைசி பெஞ்சில் இருட்டு என்ற பேச்சே கிடையாது. காசநோய் பயம் ஆட்டிப்படைத்த காலம் அது. பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று ஊரெல்லாம் பேசினார்கள். பேச்சை இங்கே கட்டடமாகவே எழுப்பிவிட்டார்கள். கீல் வைத்த ஒரு கதவுக்குள் எத்தனை அக்கறை!

இன்னொரு பக்கம் பெரியவர்களின் பிரிவு. சுவர் நேராகப் போகாமல் மெல்ல வளைகிறது. அந்த வளைவில் வெளியே பிதுங்கிய பெரிய ஜன்னல்கள். நூலகமும் கூடிப்பேசும் அறைகளும் இந்தப் பக்கம்தான். வயலில் வேலை முடித்து வருகிறவர் சாய்ந்து உட்கார, செய்தித்தாள் புரட்ட, வகுப்பில் சேர இப்படி ஒரு இடம்! பிள்ளைகளுக்கும் இந்தப் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றவரை 'வார்டன்' என்று அழைத்தார்கள். அந்தக் காலத் தலைமையாசிரியரைவிட அவருக்கு வேலை இரட்டிப்பு.

ஆனால் எல்லாருக்கும் இடம் என்பது உடனே நடந்துவிடவில்லை. 1944-ல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு, 11 வயதுத் தேர்வில் தேறிய பிள்ளைகள் கிராமர் பள்ளிக்குப் போய்விட, மற்றவர்களே வில்லேஜ் காலேஜ்களுக்கு வந்தார்கள். 1965-ல் அமைச்சர் ஆன்டனி கிராஸ்லாண்டின் சுற்றறிக்கை காம்ப்ரிஹென்சிவ் முறைக்கு வழி திறந்தது. 1970-களில் கேம்பிரிட்ஜ்ஷயரும் அந்தப் பாதைக்கு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே! இன்று 16 வயதுக்கு மேல் இன்டர்நேஷனல் பாக்கலரியேட் படிக்கலாம். விளையாட்டு மையமும் இருக்கிறது, ஊராரும் வந்து விளையாடலாம். கட்டடமோ இங்கிலாந்தின் பாரம்பரியப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. பெரிய தேவாலயங்களுக்கும் அரண்மனைகளுக்கும் கிடைக்கிற அதே தரம், நோட்டுப் புத்தகப் பைகள் தொங்கும் ஒரு பள்ளிக்கு!

போவதற்கு முன் ஒரு ரகசியம். இந்த வளாகத்தில் ஹென்றி மூர் செய்த சிற்பம் ஒன்று நின்றிருக்க வேண்டும். குரோப்பியஸ் அப்போதே மூரிடம் கேட்டிருந்தார்; காசு கூடவில்லை. மாரிஸ் விடவில்லை. 1944-ல் மறுபடி போய்க் கேட்க, மூர் உற்சாகமாகக் களிமண்ணில் சின்னச் சின்ன மாதிரிகள் செய்து தள்ளினார். அப்பா, அம்மா, நடுவே பிள்ளை. குடும்பமே சேர்ந்து படிக்கிற பள்ளிக்கு வேறென்ன பொருத்தம்! திரும்பவும் காசு கூடவில்லை. அந்த மாதிரிகளில் ஒன்றுதான் பிறகு பெரிய வெண்கலச் சிற்பமாக வளர்ந்து, ஸ்டீவனேஜ் நகரத்தின் பார்க்ளே பள்ளிக்குப் போனது. அதே சிற்பத்தின் இன்னொரு வார்ப்பு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்ளேயும் ஓர் அரசுப் பள்ளிதான். கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீவனேஜ் போய்விடலாம். வருகிறீர்களா?