வயிற்றுவலி என்று வருபவர்

சென்ற வாரம், 2018 இல் இலங்கையின் வடக்கிற்கு வந்த, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் நோயாளர் காவு வண்டியைப் பற்றி எழுதியிருந்தேன். உடுப்பிட்டியில் ஒருவரை ஏற்றினால் அது பெரும்பாலும் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குத்தான் போகும். அங்கே வாசலில் நிற்கும் வைத்தியர் எதையெல்லாம் பயின்றிருக்க வேண்டும்?

உதாரணத்துக்குக் கட்டு விரியன் பாம்பை எடுத்துக்கொள்வோம். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரைத்தான் அது இரவில் கூடுதலாகக் கடிக்கிறது. வலி அநேகமாக இராது, வீக்கமும் இராது. பல் பட்ட தடத்தைக் காண்பதே அரிது. விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்புவார். வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு இமை தாழும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகளே சோர்ந்துவிடும்.

இவர் எந்த விடுதிக்குரிய நோயாளி? வயிற்றுவலி என்று சத்திரசிகிச்சைக்கு அனுப்புவதா, வாதம் என்று நரம்பு நிபுணரைத் தேடுவதா? இப்படி வருபவர்களுக்காகவே அவசர மருத்துவம் தனித்துறையானது. 1970 இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் முதல் பயிற்சித் திட்டம் தொடங்கியது. இந்தியா 2009 இல் அதைத் தனித்துறையாக ஏற்றது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இதற்கு எம்.டி. பட்டம் வழங்குகிறது.

இத்துறையில் பயில்பவர் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. மயக்க மருந்து, தீவிர சிகிச்சை, குழந்தைகள், எலும்பு முறிவு, இதயம் என்று பிரிவு பிரிவாகச் சுற்றுவார். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு ஆயத்தமாகப் படுத்திருப்பவருக்குச் சுவாசக் குழாய் செலுத்திக் கை பழகினால்தான், வாந்தியோடு மூச்சுத் திணறி வருபவரிடம் அந்தக் கை நடுங்காது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் காலமோ வேறொன்றைக் கற்பிக்கிறது. சோர்ந்துபோன தசையை விஷமுறிவு மருந்து எழுப்பிவிடாது. நாட்கணக்காகச் செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அசைவற்றுக் கிடந்தவர் எழும்பி வீட்டுக்கு நடந்து போவதை ஒருதடவை கண்ட வைத்தியர் அடுத்தவரை எளிதில் கைவிடமாட்டார். இந்தியாவிலிருந்து வரும் அந்த விஷமுறிவு மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். தொடங்குமுன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் அது குறைகிறது என்று 2011 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது.

பயிற்சி பெரிய வைத்தியசாலைகளில் குவிவது இயல்புதான். கருவிகளும் நிபுணர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனாலும் மந்திகை போன்ற ஆதார வைத்தியசாலையில் ஒரு சுற்று கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டுப் போய்ச் சேரும்போது நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று, கடிதமும் எழுதியாயிற்று. மந்திகைக்கு வந்தபோது அது வெறும் வயிற்றுவலி. அந்த நேரத்தில் இமையைத் தூக்கிப் பார்க்கவும், நேற்றிரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்கவும் தோன்ற வேண்டும்.

மாற்ற முடிவெடுத்தாலும் சிக்கல் தீராது. வழி சுமார் 30 கிலோமீற்றர். குழாய் செலுத்திய பிறகு அனுப்புவதா, இப்போதைக்கு மூச்சு சீராகத்தானே இருக்கிறது என்று அப்படியே ஏற்றிவிடுவதா? வழியிலுள்ள வல்லை வெளியில் மூச்சு நின்றால் வண்டிக்குள் யார் இருப்பார்கள்? ஏற்றுவதற்கு முன்பே இதைக் கேட்கும் பழக்கம், அனுப்புகிற இடத்தில் வேலை செய்தவருக்குத்தான் வரும்.

(தொடரும்)