மண்ணெண்ணெய் வெளிப்பொருத்தும் இயந்திரங்களில் எரிபொருள் கோளாறு கண்டறிதல்

மண்ணெண்ணெய் வெளிப்பொருத்தும் இயந்திரம் என்பது வள்ளத்தின் பின்புறத்தில் வெளியே பூட்டப்பட்டு, பெட்ரோலில் கிளப்பப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்படும் எஞ்சின் ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள தேங்காய்ப்பட்டணத்திலும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களிலும் சிறு வள்ளங்களில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. இவை பெரும்பாலும் கார்புரேட்டர் கொண்ட இருவீச்சு எஞ்சின்கள். உணரிகளோ கணினியோ இவற்றில் இல்லை. ஆகவே எரிபொருள் தடைபடும்போது கோளாறு எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கையாலும் கண்ணாலுமே கண்டறிய வேண்டியுள்ளது. பழைய கார்புரேட்டர் கார்களுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும்.

பின்னணி

குமரி மாவட்டக் கடற்கரையில் கட்டுமரங்களும் வள்ளங்களும் துடுப்பாலும் பாயாலும் செலுத்தப்பட்டு வந்தன. 1980களில் வெளிப்பொருத்தும் இயந்திரங்கள் பெருமளவில் வரத்தொடங்கின. அதே காலத்தில் முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் மையம், அலையடிக்கும் கரையிலேயே ஏற்றி இறக்கத்தக்க ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கியது. பெல்சியத்தைச் சேர்ந்த பியர் சிலே என்னும் பொறியாளர் இம்முயற்சியில் முக்கியப் பங்காற்றினார். 1980 இல் தொடங்கப்பட்டு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எஞ்சின்களைக் கிடைக்கச்செய்வதிலும் பழுதுபார்ப்பு வசதி அமைப்பதிலும் ஈடுபட்டது. யமகா, சுசூக்கி ஆகிய சப்பானிய நிறுவனங்களின் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் இக்கரையில் நன்கு அறியப்பட்டவை.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம், குழித்துறை ஆறு எனவும் அழைக்கப்படும் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது. (இது திருநெல்வேலித் தாமிரபரணியிலிருந்து வேறானது.) முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைவதாலும் அலை எழும்பி உடைவதாலும் இங்கு வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர்கள் பலர் உயிரிழந்துள்ளனர். ஓடும் எஞ்சின்தான் வள்ளத்தின் முகத்தை அலைக்கு நேராக நிறுத்தி வைக்கின்றது. அவ்விடத்தில் அது நின்றுவிட்டால் வள்ளம் பக்கவாட்டில் திரும்பி அலைக்கு இரையாகும். சாலையில் கார் நின்றுபோவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எரிபொருள் செல்லும் வழி

தொட்டியின் மூடியில் காற்றுத் திருகு ஒன்று உள்ளது. எரிபொருள் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே வருகின்றது. தொட்டியின் அடியிலிருந்து வலையிட்ட குழாய் ஒன்று எரிபொருளை எடுக்கின்றது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனித்தனித் தொட்டிகள் இருப்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாற்றுக்குழாய்த் திருகு ஒன்றும் வேண்டும். வழியில், கையால் அழுத்தும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். இக்கட்டுரையில் அது கைப்பம்பு எனப்படுகின்றது. அதன் இருபுறமும் எரிபொருளை எஞ்சினை நோக்கி மட்டும் விடும் ஒருவழி வால்வுகள் உள்ளன. அடுத்து வடிகட்டி, எரிபொருள் பம்பு, கார்புரேட்டர் ஆகியவை வருகின்றன.

எரிபொருள் பம்பில் மின்மோட்டார் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும்போது கிராங்க் கூட்டினுள் அழுத்தம் கூடிக் குறைகின்றது. அத்துடிப்பு மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்றை அசைக்க, சவ்வு எரிபொருளை உறிஞ்சித் தள்ளுகின்றது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிதவை உயர்ந்ததும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். கிண்ணத்திலிருந்து நுண்துளையுள்ள ஜெட்டுகள் வழியாக எரிபொருள் காற்றுடன் கலக்கின்றது.

இருவீச்சு எஞ்சினில் இக்கோளாறு ஏன் கடுமையானது

நான்குவீச்சுக் கார் எஞ்சினில் எண்ணெய் அடித்தொட்டியில் தனியே உள்ளது. எரிபொருள் குறைந்தால் இழுவை குறையும், கார் குலுங்கும், இறுதியில் நிற்கும். இவ்வகை இருவீச்சு எஞ்சின்களிலோ உயவெண்ணெய் எரிபொருளிலேயே கலந்து செல்கின்றது. எரிபொருள் குறைந்தால் உயவும் குறைகின்றது. கலவையில் காற்று மிகுவதால் வெப்பமும் ஏறுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்து பிஸ்டனைச் சிலிண்டரோடு இறுகச்செய்துவிடும். அடைபட்ட வலை ஒன்றைக் கவனிக்காமல் முழு வேகத்தில் ஓட்டியவர், எஞ்சினையே கழற்றிப் பழுதுபார்க்க வேண்டிய நிலைக்கு ஆளாகலாம். எஞ்சின் திணறும்போது விசையை மேலும் திறப்பது பலரது இயல்பு. செய்ய வேண்டியதோ அதற்கு நேர்மாறானது.

எரிபொருளா, தீப்பொறியா

தீப்பொறி அறுந்தால் எஞ்சின் பெரும்பாலும் திடீரென நிற்கும். எரிபொருள் அறுந்தால், கிண்ணத்தில் எஞ்சியுள்ளது தீரும்வரை சிலநேரம் தடுமாறி, ஏறி இறங்கி, பின்பு நிற்கும். இது முழுமையான விதி அன்று. எனினும் எங்கிருந்து தொடங்குவது என்பதைக் காட்டும். தடுமாறும் எஞ்சினில் சோக்கைச் சற்றே இழுத்துப் பார்ப்பது மற்றொரு வழி. சோக் காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டுவது. அதனால் எஞ்சின் தேறினால் எரிபொருள் போதவில்லை என்று பொருள். மேலும் மோசமானால் எரிபொருள் மிகுதியாகவோ தீப்பொறி நலிந்தோ இருக்கலாம்.

கைப்பம்பு காட்டும் அறிகுறிகள்

கோளாறு தொட்டிப் பக்கமா, எஞ்சின் பக்கமா என்பதைக் காட்டுவதில் கைப்பம்புக்கு இணையான கருவி வள்ளத்தில் வேறு இல்லை. ஒரு திருகையும் கழற்றுமுன் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கைப்பம்பு உறிஞ்சப்பட்டுத் தட்டையாகி இருந்தால் தடை அதற்கும் தொட்டிக்கும் இடையில் உள்ளது. முதலில் காற்றுத் திருகைப் பார்க்கவேண்டும். தொட்டியைத் தூக்கிச் செல்லும்போது மூடியவர் திறக்க மறப்பது மிக இயல்பானது. அப்போது எஞ்சின் சிறிது தூரம் நன்றாக ஓடி, பின்னர் நிற்கும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே பாயும் ஒலி கேட்டால் காரணம் உறுதியாகிறது. திருகு திறந்தே இருந்தால் வலை அடைப்பு, குழாய் மடிப்பு, மாற்றுத் திருகு பாதியில் நிற்றல் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

எவ்வளவு அழுத்தியும் கைப்பம்பு இறுகாமல் மெத்தென்றே இருந்தால் காற்று உள்ளே புகுகின்றது, அல்லது எரிபொருள் எங்கோ வெளியேறுகின்றது, அல்லது ஒருவழி வால்வு பழுதாகியுள்ளது. வெயிலில் வெடித்த குழாய், இணைப்பில் தேய்ந்த ரப்பர் வளையம் ஆகியவை வழக்கமான காரணங்கள். காற்று உள்ளிழுக்கப்படும் துளை வழியே எரிபொருள் கசியவேண்டும் என்பதில்லை. எனவே ஈரம் காணப்படவில்லை என்பதால் குழாய் நன்றாக உள்ளது என முடிவு செய்யக்கூடாது. கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் வழிந்தால் ஊசி வால்வு மூடவில்லை எனக் கொள்ளலாம்.

கைப்பம்பு இறுகியே நிற்க, எஞ்சினுக்கு எரிபொருள் வரவில்லையெனில் அடைப்பு முன்புறத்தில், அதாவது வடிகட்டி, பம்பு, ஊசி வால்வு ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. ஓடும்போது கைப்பம்பு ஓரளவு தளர்ந்திருப்பது இயல்பே.

எஞ்சின் திணறும்போது கைப்பம்பை அழுத்த அழுத்தத் தேறினால், கை செய்யும் வேலையை எரிபொருள் பம்பு செய்யவில்லை. சவ்வு நலிந்திருக்கலாம், பம்பிற்கு முன்னுள்ள சிறு காற்றுக்கசிவும் இதே அறிகுறியைத் தரும். கடலில் இதற்கு உடனடி வழியும் இதுவே: ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் சீராக அழுத்திக்கொண்டே வர, குறைந்த விசையில் கரை சேரலாம். ஆனால் இவ்வாறு முகத்துவாரத்தைக் கடக்க முயல்வது ஆபத்தானது. அலை உடையும் இடத்திற்கு வெளியிலேயே நின்று சரிபார்ப்பதோ துணைவள்ளத்தை அழைப்பதோ நன்று.

நீர் கலத்தல்

நீர் பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் விட அடர்த்தியானது, அடியில் தங்கும். எரிபொருளை எடுக்கும் குழாயும் அடியிலேயே உள்ளது. கரையில் நன்றாக ஓடிய எஞ்சின், வள்ளம் அலையில் ஆடத்தொடங்கியதும் திணறினால் நீரை ஐயுறலாம். சூன், சூலை மாதத் தென்மேற்குப் பருவமழையில் மூடி சரியில்லாத கேன்களில் மழைநீர் புகுவது எளிது. கார்புரேட்டர்க் கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்றுநேரம் அசையாமல் வைத்தால், நீர் முத்துமுத்தாக அடியில் தெரியும். கடல்நீர் எனில் உப்புப் படிந்து ஜெட்டுகளை அடைக்கும். கிண்ணத்தில் வெண்பொடி போன்ற அரிப்பும் காணப்படும்.

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு படிப்படியாக உயர்ந்து 2025 இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அளவு மிகும்போது நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். கிளப்புவதற்கு மட்டும் சிறிதளவே செலவாகும் பெட்ரோல் பல வாரங்கள் தொட்டியில் கிடப்பதால் இது வள்ளக்காரர் கவனிக்கத்தக்கது. பழைய சவ்வுகளும் குழாய்களும் எத்தனாலால் ஊறி உப்பவும் கூடும்.

காலையில் கிளம்பாத எஞ்சின்

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குறைந்தது 35 பாகை செல்சியசு வரையேனும் சூடாகாமல் அது தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தருவதில்லை. பெட்ரோலோ உறைநிலைக்கு மிகக் கீழேயே தருகின்றது. இதனாலேயே எஞ்சின் பெட்ரோலில் கிளப்பப்பட்டு, சூடான பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றது. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிலநிமிடம் ஓட்டவேண்டும். மறந்தால் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே தங்கி, மறுநாள் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது. உண்மையில் இது கோளாறே அன்று. கிண்ணத்தை வடித்து, கைப்பம்பால் பெட்ரோல் நிரப்பினால் போதும்.

பிளக்கும் கார்புரேட்டரும்

பிளக்கின் முனை கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் மிகுதி. வெளிறி உலர்ந்திருந்தால் போதாமை. இரு சிலிண்டர்களுக்கும் ஒரே கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால் கார்புரேட்டரைக் குறைகூற இடமில்லை. பிளக்குகளை இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். ஈரம் பிளக்குடன் சென்றால் பிளக்கே பழுது. அதே சிலிண்டரில் தங்கினால் அதன் தீப்பொறியையும், எரிபொருள் பம்பின் சவ்வையும் ஆராயவேண்டும். சவ்வு கிழிந்தால் துடிப்பு வரும் வழியாகவே எரிபொருள் கிராங்க் கூட்டினுள் கசியக்கூடும்.

கார்புரேட்டரை முதலில் திறப்பதே பரவலான பழக்கம். மேற்கண்டவை எல்லாம் பார்த்து முடித்த பின்னரே அதைத் திறப்பது முறை. ஜெட்டுகளைக் கம்பியால் குத்தக்கூடாது. துளை சிறிதளவு பெருத்தாலும் கலவை நிலையாக மாறிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து எதிர்த்திசையில் காற்றால் ஊதுவது போதுமானது. இவ்வேலைகளைச் சூடான எஞ்சினின் அருகிலோ அடுப்பு, பீடி நெருப்பின் அருகிலோ செய்தலாகாது.

பழைய கார்களில்

1962 முதல் 1980 வரை பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட எம்ஜிபி என்னும் விளையாட்டுக் காரில் பின்புறத்தில் மின்பம்பு ஒன்று உள்ளது. சாவியைத் திருப்பியதும் அது 'டக் டக்' என ஒலித்து, கார்புரேட்டர்க் கிண்ணம் நிறைந்ததும் ஓய்கின்றது. ஓயாமல் விரைந்து ஒலித்தால் தொட்டி காலி அல்லது குழாயில் காற்று. ஒலியே இல்லையெனில் மின்இணைப்போ பம்பின் தொடுமுனைகளோ பழுது. வள்ளக்காரர் கைப்பம்பைத் தொட்டு அறிவதைக் கார்க்காரர் இவ்வொலியைக் கேட்டு அறிகின்றார். பிரீமியர் பத்மினி போன்ற இந்தியக் கார்களில் எஞ்சினோடு பிணைந்த இயந்திரப் பம்பு சூடேறி, குழாயில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவதுண்டு. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்து ஓட்டுநர்கள் இதனைச் சமாளித்தனர். மண்ணெண்ணெயில் ஓடும்போது வள்ள எஞ்சினில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.