டேங்க்கில் ஒரு டம்ளர் தண்ணீர்... டிராக்டரை நடுவயலில் நிறுத்தும் டீசல் கோளாறுகள்!

சம்பா நடவுக்குச் சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நேரம். மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில், கேஜ்வீல் மாட்டி வயலில் இறங்கிய 45 குதிரைத்திறன் டிராக்டர், முக்கால் மணி நேரத்தில் இழுவை குறைந்து, திணறி, நின்றுபோனது. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பியது. மறுபடியும் முக்கால் மணி நேரம், மறுபடியும் நின்றது. 'பம்பு போய்விட்டது' என்று முடிவுகட்டி, டீசல் பம்பைக் கழற்றித் தஞ்சாவூருக்கு அனுப்பி, கேலிப்ரேஷன் செய்து திரும்ப மாட்டுவதற்குள் நான்கு நாள்கள் ஓடிவிட்டன. வாடகை உழவுக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். சொந்த வயலுக்கான நாற்று நாற்றங்காலிலேயே முற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வண்டியை வயலில் இறக்கினால், அதே முக்கால் மணி நேரத்தில் நின்றது.

அடுத்து வந்தவர் அந்தப் பகுதியின் பழைய மெக்கானிக். ஸ்பேனரைக்கூட வெளியே எடுக்கவில்லை. "தம்பி, முதல்ல டேங்க் மூடியைத் திறங்க" என்றார். திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். மூடியில் இருக்கும் மூச்சுத்துளையைச் சேறு அடைத்திருந்தது. டேங்க்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஃபீடு பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. வண்டி சும்மா நிற்கும்போது சந்துபொந்து வழியாகக் காற்று மெள்ள உள்ளே கசிந்துவிடும். அதனால்தான் கால் மணி நேரத்தில் அது மறுபடியும் கிளம்பியது.

அவர் அதோடு விடவில்லை. டேங்க்கின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றி ஒரு வாளியில் பிடித்தார். முதலில் வந்தது டீசல் அல்ல. ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர், துருத்தூள், கறுப்பாகச் சவ்வு போன்ற ஒரு கசடு. மூச்சுத்துளை அடைத்தது அன்றைய கோளாறு. வாளியில் வந்தது அடுத்த வருடத்துக்கான கோளாறு.

தலைமுடியைவிடச் சன்னமான இடைவெளி

டீசல் பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசுகூட அந்த இடைவெளியில் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல வேலை செய்யும். பெரும்பாலான பம்புகளில் இந்தப் பாகங்களுக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே போகும் டீசல்தான் வழவழப்பும் கொடுக்கிறது. தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை என்பதால், அது போகும் இடமெல்லாம் தேய்மானமும் துருவும்தான்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்-6 டீசல் விற்பனைக்கு வந்தது. அதில் கந்தகத்தின் அளவு 10 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால், அதை ஈடுகட்டச் சேர்மானம் கலந்தே விற்கிறார்கள். 'மண்ணெண்ணெய் கலந்தால் லாபம்' என்று சிலர் இன்னும் செய்யும் வேலை, பழைய டீசலைவிட இன்றைய டீசலில் அதிக ஆபத்து. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து, பம்பையே காவு கொடுப்பதாக அது முடியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பங்க்கில் கலப்படம் என்று சந்தேகப்படுவது எளிது. சந்தேகம் இருந்தால் அங்கேயே அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம். அன்றைக்குப் பதிவான அளவுக்கும் சோதனை அளவுக்கும் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்கலாம். ஆனால், பெரும்பாலான தண்ணீர் நம் வீட்டிலேயேதான் சேர்கிறது.

மாலையில் பாதி டேங்க்கோடு வண்டியை நிறுத்தினால், மீதிப் பாதியில் இருப்பது ஈரக் காற்று. இரவுக் குளிரில் அது டேங்க்கின் உட்சுவரில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும். வாளியில் வந்த கறுப்புச் சவ்வு அதுதான். வேலை முடிந்த மாலையிலேயே டேங்க்கை நிரப்பிவிட்டால், ஈரக் காற்றுக்கு இடமே இருக்காது. எரிபொருள் செலவு கூடுவதில்லை, காலையில் ஊற்றுவதை மாலையில் ஊற்றுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்த குற்றவாளி, கேனும் பேரலும். திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைநீர் தேங்கி நிற்கும். பகலில் சூடாகி விரிந்த பேரல் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, இறுக்கமில்லாத மூடி வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நிழலில், கூரைக்குக் கீழே, தலையில் தண்ணீர் நிற்காதபடி சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். கொண்டுவந்த டீசலை ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடியில் கடைசி இரண்டு அங்குலத்தை டேங்க்கில் ஊற்றாமல் விடுவது நல்லது. துத்தநாகப் பூச்சுப் பூசிய தகர வாளி, டின்களில் டீசலைச் சேமிக்கவே கூடாது. துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து, ஃபில்டரை அடைக்கும் கசடை உண்டாக்கும். புனல் மேல் பழைய வேட்டித்துணியை வைத்து ஊற்றும் பழக்கம் குப்பையைத் தடுக்கும். ஆனால், அந்தத் துணியின் நூல் பிசிறே உள்ளே போய்விடும். கம்பிவலை வைத்த புனலே மேல்.

ஃபில்டரைக் கழுவலாமா?

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல டிராக்டர்களில் இரண்டு ஃபில்டர்கள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது பெரிய குப்பையையும், இரண்டாவதாக உள்ள பேப்பர் ஃபில்டர் நுண்ணிய தூசையும் பிடிக்கும். பேப்பர் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி, காற்றடித்துத் திரும்ப மாட்டுவது கிராமங்களில் சாதாரணம். பார்க்கப் புதிது போலத்தான் இருக்கும். காற்றடித்த வேகத்தில் தாளின் துளைகள் பெரிதாகி, அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும். அடைத்துக்கொண்ட ஃபில்டராவது வண்டியை நிறுத்தி எச்சரிக்கும். கிழிந்த ஃபில்டர் எதுவும் சொல்லாது. முதல் ஃபில்டர் துணியாக இருந்து, கழுவலாம் என்று கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும் அதைக் கழுவலாம்.

மாற்றும் கெடு வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் உள்ள மணிக்கணக்குதான் சரி. ஆனால், அது நல்ல டீசலுக்கும் சராசரி தூசிக்கும் சொன்ன கணக்கு. செங்கல் சூளைக்கு மண் அடிக்கும் வண்டியும், கோடையில் புழுதி உழவு ஓட்டும் வண்டியும் அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய தேதியையும் மணி மீட்டர் அளவையும் மட்கார்டின் உட்புறத்தில் பெயின்டால் எழுதிவைக்கும் டிரைவர்கள் உண்டு. நோட்டுப் புத்தகத்தைவிட இது தொலையாது!

தனியாக வாட்டர் செபரேட்டர் பொருத்துகிறீர்களா?

வண்டியோடு வரும் ஃபில்டர் போதாது என்று, கடையில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வாட்டர் செபரேட்டரை வாங்கிப் பொருத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல காரியம்தான். தவறாகப் பொருத்தினால் இருந்த நிம்மதியும் போகும். வாரன்டி உள்ள வண்டியென்றால், கம்பெனியைக் கேட்காமல் டீசல் லைனில் கை வைக்கக் கூடாது.

டேங்க்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவே பொருத்துவதானால், அது 30 மைக்ரான் போலச் சற்றுப் பெரிய துளை உள்ளதாக இருக்க வேண்டும். அங்கே டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. சன்னமான ஃபில்டரை அங்கே வைத்தால், வைக்கோல் குழாயால் கூழ் உறிஞ்சுவதுபோல பம்பு திணறும். சன்னமான வடிகட்டல் ஃபீடு பம்புக்குப் பிறகுதான்.

அளவு பார்ப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. 'என் வண்டி மணிக்கு ஐந்தாறு லிட்டர்தான் குடிக்கும், சின்னதே போதும்' என்கிறார்கள். ஃபீடு பம்பு இழுப்பது அதைவிட அதிகம். மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்குத் திரும்புகிறது. செபரேட்டர் வழியாகப் போவது பம்பு இழுக்கும் மொத்த அளவு என்பதால், அந்தக் கணக்கில்தான் வாங்க வேண்டும்.

டியூப், டீசலைத் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் டியூப் சில மாதங்களில் விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் வெடிக்கும். உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமே இல்லாமல் ஏர் லாக் ஆவதற்குக் காரணம் தேடி அலைவது இதனால்தான். மரையில் பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பும் வேண்டாம். அதன் பிசிறு பம்புக்குள் போய்ச் சிக்கும். கிண்ணம் டிரைவர் கண்ணில் படும் இடத்திலும், வரப்பில் இடிக்காத உயரத்திலும் இருக்கட்டும். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதைத் திறந்து தண்ணீரை வடிக்காவிட்டால், பொருத்தியதில் பயனில்லை.

ஏர் எடுக்கும்போது கவனம்

பழைய வகை பம்பு உள்ள வண்டிகளில் முறை எளிது. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, ஃபீடு பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். நுரை நின்று, குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட்டு, அடுத்து டீசல் பம்பில் உள்ள திருகு. திருகுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். வாஷரில் கஞ்சம் பிடித்தால் மறுநாளும் கைப்பம்பு அடிக்க வேண்டியதுதான்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிமுறை அமலாகி, காமன் ரெயில் இன்ஜின்கள் வரத் தொடங்கிவிட்டன. பழைய நாசில் 200 கிலோ அழுத்தத்தை ஒட்டித் திறக்கும். காமன் ரெயிலில் அது ஆயிரத்தைத் தாண்டும். இந்த வண்டிகளில் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டக் கூடாது. ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலேயே பம்புக்குப் போய்விடும். காலியாக மாட்டி, கைப்பம்பாலோ சாவியை ஆன் செய்து மின்பம்பாலோ நிரப்ப வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது நாசில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது, ஒரு அட்டையை நீட்டிப் பார்க்கலாம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சதை உள்ளுக்குள் அழுகி விரலையே இழக்க நேரிடலாம் என்பதால், தாமதிக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், 'அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது' என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.