ஆரணி அரிசிக்குப் பெயர் உண்டு, விளைவித்தவருக்கு?

ஆரணி என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வரும், அடுத்து அரிசி. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆரணி அரிசி என்ற பெயரைச் சொல்லியே வெளியூர்க் கடைகளில் வியாபாரம் நடக்கிறது. ஆனால் நெல்லை விளைவித்த விவசாயியின் பெயர் களத்துமேட்டோடு நின்றுவிடுகிறது. மூட்டை ஆலைக்குள் போன பின் அது யார் வயல் நெல் என்று எவருக்கும் தெரியாது.

கூலிக்கு நெய்பவர்கள் நிலையும் இதுதான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் ஜவுளிக் கடைகள் மூடப்பட்டு, கைத்தறி ஊர்களில் சேலைகள் தேங்கின. சொந்தமாகப் பாவு போட்டு நெய்யும் சிலர் தறியில் இருக்கும் சேலையைச் செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப் வழியாக வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டனர். சுற்றுப்புறச் சிறு விவசாயிகளும் இந்த வழியைக் கவனிக்கலாம்.

எல்லா விளைபொருளுக்கும் இது உதவாது. பட்டுக்கூட்டின் விலை ஏலத்தில் அதன் தரத்தைப் பொறுத்தே அமையும். முகநூலில் எத்தனை படம் போட்டாலும் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடாது. மூட்டைக் கணக்கில் விற்கும் மணிலாவுக்கும் அப்படியே. சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா நெல்லை அரிசியாக்கித் தருபவர்கள், செக்கெண்ணெய் ஆட்டி விற்பவர்கள், நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் பலன் அதிகம். இவர்களைத் தேடி ஆள் வர வேண்டும். வந்தவர் மறுமுறையும் வர வேண்டும்.

முதலில் பெயர். விவசாயியின் பெயரும் ஊரும் சேர்ந்திருந்தால் போதும். அலங்காரப் பெயர் வேண்டாம். வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் மேப் எதுவானாலும் அதே பெயரும் அதே செல்போன் எண்ணும் இருக்க வேண்டும். மேப்பில் இடத்தைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பதிவு செய்து தருவதற்குக் கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வீட்டுப் பையன் தன் எண்ணில் கணக்கைத் தொடங்கி விடுவான். பிறகு சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவான். வாடிக்கையாளர் அழைப்பெல்லாம் அவனுக்கே போகும். எனவே, கணக்கு விவசாயியின் சொந்த எண்ணில் இருப்பதே நல்லது. நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

படம் காலை வெளிச்சத்தில் எடுக்கலாம். அரிசிக் குவியலை மட்டும் காட்டிப் பயனில்லை. நடவு, களை எடுப்பு, அறுவடை என்று அந்தந்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். ரகம், அறுவடை மாதம், பழைய அரிசியா புதியதா, விலை ஆகியவற்றை எழுத வேண்டும். யூரியா இட்ட வயலை இயற்கை விவசாயம் என்று எழுதினால் ஊரிலேயே ஒருவர் மறுத்து எழுதுவார். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்றவர்களால் உண்மையான நெசவாளருக்கு ஏற்பட்ட நஷ்டம் ஆரணிக்குத் தெரியாததல்ல. புயலில் பயிர் சாய்ந்து வரத்துக் குறைந்தால் அதையும் அப்படியே தெரிவிக்கலாம், காத்திருப்பவர்கள் காத்திருப்பார்கள்.

அரிசி, எண்ணெயைப் பையிலோ பாட்டிலிலோ அடைத்து விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு பற்றி விசாரித்து, பெறும் எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும்.

பணம் பெறுவதில் எச்சரிக்கை தேவை. வரவு பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணம் அனுப்புவதாகக் கூறி க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யச் சொல்பவர் பணம் பறிக்க வந்தவர். வாட்ஸ்அப்புக்கு வரும் ஆறு இலக்க எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் கணக்கே கைமாறி, அந்தப் பெயரில் உறவினரிடமும் வாடிக்கையாளரிடமும் கடன் கேட்பார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.