உறைபனிக் காலத்தில் குழாயும் பயிரும்

நீலகிரி ஜில்லாவில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஆகாயம் தெளிந்தவுடன் குளிர் காலம் தொடங்குகின்றது. முதலில் விழுவது நீர்ப்பனி. அது புல்லை நனைத்து, வெயில் ஏறியவுடன் மறைந்துவிடும். அதனால் தீங்கில்லை. பின்னர் ஓர் இரவில் அந்நீர்ப்பனியே உறைபனியாக மாறி, காலையில் புல்வெளியெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் காணும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியைச் சமவெளியிலுள்ளோர் குளிரின் மிகுதியைக் குறிக்க வழங்குவர். மலைநாட்டுக் குடியானவருக்கோ அது பயிரின் கணக்கும் பணத்தின் கணக்குமாகும். ஓரிரவின் உறைபனியால் தேயிலையின் கொழுந்து கருகுகின்றது. உருளைக்கிழங்கின் தழை வாடிச் சாய்கின்றது. தோட்டத்திற்கு நீர் கொண்டுவரும் குழாய் பிளந்துவிடுகின்றது.

உறைபனி விழுவதைத் தடுப்பது நம்மால் இயலாத காரியம். ஆயினும் அதனால் உண்டாகும் நஷ்டத்தில் பெரும் பகுதி, அன்று மாலை சூரியன் மறைவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சிறு வேலைகளைச் செய்யாது விட்டதனால் நேர்வதே. அவ்வேலைகள் யாவை என்பதையும், அவற்றின் காரணங்களையும் இங்கே எடுத்துரைப்போம்.

உறைபனி உண்டாகும் விதம்

பகலில் பூமி சூரிய வெப்பத்தை ஏற்கின்றது. இரவில் அதனை ஆகாயத்தை நோக்கி வெளிவிடுகின்றது. மேகம் மூடியிருந்தால் அவ்வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகமின்றி, காற்றும் அசையாதிருக்கும் இரவில் அது தடையின்றிப் போய்விடுவதால், தரையும் புல்லும் இலையும் தம்மைச் சூழ்ந்த காற்றைக் காட்டிலும் அதிகமாகக் குளிர்கின்றன. தரைக்கு 4 அடி உயரத்தில் வைத்த உஷ்ணமானி 3 டிகிரி சென்டிகிரேடு காட்டும்போது, அதே இடத்தில் புல்லின்மேல் வைத்த உஷ்ணமானி பூஜ்யத்திற்குக் கீழே இறங்கியிருத்தல் கூடும். ஆதலால், "நேற்றிரவு குளிர் பூஜ்யத்திற்கு வரவில்லை, நம் பயிருக்குப் பயமில்லை" என்று கருதுவது தவறாகும்.

இவ்வுண்மையை நம் நாட்டார் நெடுங்காலத்திற்கு முன்னரே தொழிலாகக் கையாண்டிருக்கின்றனர். அலகாபாத்தில் வெட்டவெளியில் ஆழமில்லாத குழிகளைத் தோண்டி, கரும்புச் சக்கையும் சோளத் தட்டையும் பரப்பி, அதன்மேல் சிறு மண் தட்டுகளில் நீரை வைத்து இரவில் பனிக்கட்டி எடுத்த முறையை, சர் ராபர்ட் பார்க்கர் என்னும் படைத்தலைவர் 1775 ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் விவரித்திருக்கின்றார். சுற்றியுள்ள காற்று உறைநிலைக்கு வராத இரவிலும் தட்டிலுள்ள நீர் உறைந்தது. வெப்பம் ஆகாயத்தை நோக்கிச் செல்வதே இதற்குக் காரணமென்பதை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் வைத்தியர் பனித்துளியைப் பற்றி 1814 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

மற்றொன்றும் அறிய வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டிலுள்ள வயலைவிட ஓடையை அடுத்த வயலில் உறைபனி மிகும். அவலாஞ்சி, தலைகுந்தா முதலிய இடங்களில் பனி கடுமையாவதன் காரணம் இதுவே. தம் நிலத்தில் எவ்விடம் முதலில் வெளுக்கின்றது என்பதை ஒவ்வொரு குடியானவரும் ஒரு பருவம் கவனித்துக் குறித்து வைத்துக்கொண்டால், பின்வரும் வேலைகளை எங்கே தொடங்குவது என்பது தானே விளங்கும்.

குழாய் வெடிப்பதன் காரணம்

மற்றப் பொருள்கள் பெரும்பாலும் குளிர்ந்தால் சுருங்கும். நீரோ உறையும்போது ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பருக்கும். குழாயினுள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அவ்வடைப்புக்கும் மூடிய திருகுக்கும் இடையில் அகப்பட்ட நீருக்குப் போக்கிடமில்லை. கட்டி வளரவளர அந்நீரின் அழுத்தம் ஏறி, குழாய் எங்கே பலமற்றிருக்கின்றதோ அங்கே பிளக்கும். ஆதலால் பனிக்கட்டி ஓரிடத்திலும் வெடிப்பு வேறிடத்திலும் காணப்படலாம். கட்டி உருகி நீர் பீறிடும்போதுதான் வெடிப்பு நம் கண்ணிற்படும்.

குளிர் மிகுந்த தேசங்களில் குழாய்களை ஆழப் புதைத்தும் சுவருக்குள் போர்த்தியும் வைப்பர். வெப்பப் பிரதேசத்தார்க்கு அவ்வழக்கம் இல்லாமையால், கடுங்குளிர் திடீரென வரும்போது அவர்களே அதிகம் துன்புறுகின்றனர். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டெக்ஸாஸ் மாநிலத்தில் 2021 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே பல வீடுகளில் குழாய்கள் கூரையடியிலும் வெளிச்சுவர்களிலும் போர்வையின்றிச் சென்றன. குளிரலை வந்தபோது 45 லட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. எண்ணிறந்த வீடுகளில் குழாய்கள் வெடித்து, குடிநீருக்கும் பஞ்சம் நேர்ந்தது. மாண்டோர் 246 பேர் என்று அம்மாநில சுகாதார இலாகா கணக்கிட்டது.

நம் மலைகளில் அத்தகைய குளிர் வருவதில்லை. வீட்டினுள் செல்லும் குழாய் உறைவது இங்கே அரிது. ஆனால் ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தரைமேல் கிடத்திக் கொண்டுவரும் கறுப்புக் குழாய், தோட்டத்துத் திருகு, நீர் தெளிக்கும் கருவி, வெளியே நிறுத்திய பம்பு ஆகியவை புல்லைப்போலவே ஆகாயத்திற்கு வெப்பத்தை இழப்பவை. கூரைமேல் வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவியும் அவ்வாறே. அதன் தட்டையான பலகையிலுள்ள மெல்லிய செம்புக் குழாய்கள், காற்றின் உஷ்ணம் பூஜ்யத்திற்குச் சற்று மேலே நிற்கும் இரவிலும் உறைந்து வெடித்தல் உண்டு.

குழாய்களைக் காக்கும் வழிகள்

1. வேலை முடிந்ததும் குழாயில் நீரை நிற்க விடலாகாது. மேலேயுள்ள வால்வை மூடி, கீழ்க்கோடியிலுள்ள திருகைத் திறந்து, நீர் முழுதும் வடிந்தபின் திறந்தபடியே விட்டுவைக்க வேண்டும். வெறுங்குழாயில் உறைவதற்கு ஒன்றுமில்லை. பம்பின் அடியிலுள்ள வடிகால் மரையையும் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும். காலையில் மரையைப் பூட்டி நீர் நிரப்பிய பின்னரே மோட்டாரை ஓட்டலாம்.

2. நிரந்தரமான குழாய்களை ஓர் அடி ஆழத்திற்குப் புதைப்பது நன்று. நம் மலையில் உறைபனி மண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும். புதைத்த குழாய்க்கு மண்வெட்டியாலும் வெயிலாலும் வரும் கேடும் குறையும்.

3. புதைக்க இயலாத இடங்களில், முக்கியமாகத் திருகுகளையும் வளைவுகளையும், சாக்கு அல்லது வைக்கோற் புரியால் இரண்டங்குலக் கனத்திற்குச் சுற்றி, நனையாதபடி மேலே பாலிதீன் தாளால் கட்ட வேண்டும். நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது.

4. வடிக்க இயலாத குழாயாயின், கோடித் திருகை நூல்போல் நீர் ஒழுகுமாறு இரவு முழுதும் சற்றே திறந்து வைக்கலாம். நீர் அசைவதாலும் அழுத்தம் சேராததாலும் வெடிப்பு நேராது. ஒழுகும் நீரை அண்டாவிலோ தொட்டியிலோ பிடித்துக்கொள்க. கோடைக்கு முன்னரே ஊற்றுகள் வற்றும் ஊர்களில் ஒரு குடம் நீரும் வீணாதல் கூடாது.

5. சூரிய வெந்நீர்க் கருவியின் பலகையை மாலையில் கித்தானால் மூடிவைக்கவும். நெடுநாள் வீட்டைப் பூட்டிச் செல்வோர் அதன் நீரை வடித்துவிடுவது உத்தமம்.

குழாய் உறைந்துபோனால் பதற வேண்டுவதில்லை. முதலில் கோடித் திருகைத் திறந்து வைத்து, அங்கிருந்து தொடங்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மெல்ல மெல்ல மேல்நோக்கிச் சுற்றிவர வேண்டும். பந்தத்தாலோ கொதிநீராலோ இளக்க முயன்றால் குழாய் உருகவோ பிளக்கவோ செய்யும். பெரும்பாலும் வெயில் ஏறும்வரை பொறுத்திருப்பதே போதும். அடைப்பு நீங்குமுன் மோட்டாரை ஓட்டுதல் கூடாது.

பயிர்களைக் காத்தல்

குழாயில் நேர்வது போன்றதொரு சேதமே இலையிலும் நேர்கின்றது. இலையின் நுண்ணறைகளுக்கு இடையே பனிக்கட்டி உண்டாகி, அறைகளிலுள்ள நீரை இழுத்து அவற்றைச் சிதைக்கின்றது. உருளைக்கிழங்கின் இலை பூஜ்யத்திற்கு ஓரிரண்டு டிகிரி கீழே போனாலே கேடுறும்.

உறைபனி எதிர்பார்க்கும் நாளில் முற்பகலில் நிலத்திற்கு நீர் பாய்ச்சுவது பயன் தரும். ஈர மண் பகல் வெப்பத்தை அதிகமாகச் சேர்த்து வைத்து இரவில் பயிருக்குக் கொடுக்கும். செடிகளுக்கிடையே உலர்ந்த சருகைப் பரப்பினால் மண்ணின் வெப்பம் மேலே வரவிடாமல் தடைப்பட்டு, செடியின் தலைப்பு அதிகமாகக் கருகும். ஆகவே போர்வையைச் செடியின்மேல் இடவேண்டும். உதகமண்டலம் அரசினர் தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளின்மேல் கோத்தகிரி மிலார்த் தழையைப் பரப்பிக் காப்பது ஆண்டுதோறும் காணும் வழக்கம். இளந்தேயிலைக்கும் காய்கறி நாற்றங்காலுக்கும் மிலார், பெரணி முதலிய தழைகளை இவ்வாறே மாலையில் இடலாம். பாலிதீன் தாளை இலையின்மேல் படும்படி போர்த்தினால், படும் இடமெல்லாம் கருகும்.

நீர் தெளித்துக் காக்கும் முறையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பமே இலையைக் காக்கின்றது. ஆகையால் உறைபனி தொடங்கும் வேளையிலிருந்து வெயிலில் பனிக்கட்டி உருகும்வரை இடைவிடாது தெளிக்க வேண்டும். நடுவில் நீர் தீர்ந்தாலோ மின்சாரம் நின்றாலோ, தெளியாமலே விட்டதைக் காட்டிலும் சேதம் மிகும். அதற்குப் போதிய நீர் இல்லாதவர் இம்முறையைத் தொடங்காதிருப்பதே நலம். இலைக்குப்பையை எரித்துப் புகை மூட்டுவதும் பழைய வழக்கம். புகை, தரை இழக்கும் வெப்பத்தை மேகத்தைப்போல் தடுப்பதில்லை. சுவாசத்திற்கும் கேடு செய்யும்.

சரிவின் கீழ்க்கோடியில் அடர்ந்த வேலி இருந்தால், குளிர்ந்த காற்று வெளியேற வழியின்றி வயலிலேயே தேங்கும். அங்கே ஒரு திறப்பு விடுக. கடைபோகக் கிழங்கைப் பள்ளத்து வயலில் காலந்தாழ்த்தி நடுவதைத் தவிர்க்கவும். மண் அணைப்பது மேற்புறக் கிழங்கைக் காக்கும். தழை கருகியவுடன் செடியைப் பிடுங்குதலும், தேயிலையை உடனே கவ்வாத்துச் செய்தலும் வேண்டா. பனிக்காலம் கழிந்து, உயிருள்ள பாகம் எதுவரை என்று தெரிந்த பின்னரே கத்தியை எடுக்கலாம்.

வீட்டினுள் ஓர் எச்சரிக்கை

பயிர் போனால் மறு போகத்தில் ஈட்டலாம். குழாய் போனால் புதிது வாங்கலாம். மூடிய அறையில் கரி நெருப்பை வைத்து உறங்குவதால் போகும் உயிர் திரும்பாது. கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்குபவருக்கு மூச்சு முட்டுவதாகக்கூடத் தோன்றாது. மலையூர்களில் குளிர் காலத்தில் இவ்வாறு குடும்பத்தோடு மாண்டவர்கள் உண்டு. மேற்கூறிய டெக்ஸாஸ் மரணங்களிலும் இவ்வகை சேர்ந்தது. குமுட்டி அடுப்பை உறங்குமுன் வெளியே வைத்துவிட வேண்டும். சாம்பல் மூடிய கரியும் ஆபத்தானதே. தலைவலியும் மயக்கமும் தோன்றினால் உடனே கதவைத் திறந்து யாவரும் வெளியேற வேண்டும். தோட்டக் கூலியாட்கள் தங்கும் வீடுகளில் இதனை எடுத்துச் சொல்வது நில உடைமையாளரின் கடமை. கம்பளியும் உலர்ந்த படுக்கையும் கொடுத்தால் கரியின் தேவை குறையும்.

கிராம அதிகாரிகளுக்கு

உறைபனியும் குளிரலையும் மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண விதிகளில் இயற்கை இடர்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. 2015 ஆம் ஆண்டு செய்த மாற்றத்தின்படி, பயிர்ச் சேதம் 33 சதவிகிதமோ அதற்கு மேலோ ஆனால் உதவிக்கு இடமுண்டு. பனிச் சேதம் அன்றே முழுதும் தெரிவதில்லை. சில நாட்களில் இலை கறுத்த பிறகே அளவு புலப்படும். ஆகவே பனி விழுந்த தேதியையும் சர்வே எண்ணையும் அன்றே குறித்துக்கொண்டு, ஒரு வாரத்தில் மீண்டும் சென்று பார்த்தல் வேண்டும். கிராமப் பொதுக் குழாய்களின் வால்வுகளைப் போர்த்துவதையும் பருவம் தொடங்குமுன் முடித்திடல் வேண்டும்.

ஆகாயம் தெளிந்து, காற்று அடங்கி, மாலையிலேயே குளிர் மிகுந்தால், அன்றிரவு உறைபனியை எதிர்பார்க்கலாம். ஐயமிருப்பின் அகன்ற தட்டில் சிறிது நீர் ஊற்றிப் பள்ளத்து வயலில் வைக்கோலின்மேல் வைத்துப் பாருங்கள். காலையில் அதில் ஆடைபோல் பனிக்கட்டி படிந்திருந்தால், அன்று மாலைமுதல் குழாயை வடிப்பதும் தழை பரப்புவதும் நாள்தோறும் தவறாத வேலையாகட்டும். அரைமணி நேர உழைப்பு ஒரு போகத்தின் பலனைக் காக்கும்.