கால்பந்து அரங்கங்களில் உணவு, பானச் சேவை

கால்பந்து அரங்கங்களில் உணவு, பானச் சேவை என்பது ஆட்டம் காண வரும் ஆதரவாளர்களுக்கு அரங்கத்தினுள் உணவும் குடிபானங்களும் விற்கும் ஏற்பாட்டைக் குறிக்கும். பல அரங்கங்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் உணவுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே உள்ளே வந்தவர் அங்கு கிடைப்பதையே வாங்க வேண்டியுள்ளது. நீண்ட வரிசை, அதிக விலை, குறைந்த தரம் ஆகிய மூன்றும் இச்சேவை பற்றி ஆதரவாளர்கள் பொதுவாகக் கூறும் குறைகளாகும்.

பின்னணி

இங்கிலாந்தின் அரங்கங்களில் மாவுக்கூட்டினுள் இறைச்சி வைத்துச் சுடும் 'பை', தேநீர், மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து தயாரிக்கும் 'போவ்ரில்' என்னும் சூடான பானம் ஆகியவை மரபான உணவுகள். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் உயிரிழந்தனர். அதைப் பற்றி விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 சனவரியில் வெளியானது. அது பாதுகாப்புடன் நிற்கவில்லை. மோசமான உணவு வசதி, கழிப்பறை ஆகியவற்றையும் சுட்டிக்காட்டியது. மக்களை இழிவான சூழலில் வைத்தால் அவர்களின் நடத்தையும் தாழும் என்பது அதன் கருத்து. இதனால் உணவுச் சேவை, ஆதரவாளரை மதிப்பதன் ஒரு பகுதியாகவும் பார்க்கப்படலாயிற்று.

இடைவேளைச் சிக்கல்

கால்பந்து விதிகளின்படி இடைவேளை 15 நிமிடங்களுக்கு மேற்படக் கூடாது. பெரும்பாலானோர் அந்நேரத்திலேயே வாங்க வருகின்றனர். ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகும் எனக் கொண்டால், ஒரு கவுன்ட்டரில் 15 பேருக்கே பரிமாற முடியும். 5,000 பேர் வந்தால் 334 கவுன்ட்டர்கள் தேவை. அந்த நேரத்தை 30 நொடியாகக் குறைத்தால் 167 போதும். எனவே கவுன்ட்டர்களைக் கூட்டுவதுடன் ஒவ்வொரு விற்பனைக்கும் ஆகும் நேரத்தைக் குறைப்பதும் இன்றியமையாதது.

சட்டமும் இதில் பங்கு வகிக்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆட்டம் நடக்கும்போது ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்தக் கூடாது. இதனால் பீர் வாங்குவோர் இருக்கைக்குத் திரும்பாமல் பின்புற நடைகூடத்திலேயே நிற்கின்றனர்; வரிசையில் இருப்போருக்கு இடம் மேலும் குறைகிறது.

மேம்பாட்டு வழிகள்

வேகம்: 2019இல் திறக்கப்பட்ட டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அரங்கில் 65 மீட்டர் நீள மதுக்கூடம் உள்ளது. அங்கு கோப்பையின் அடிப்பகுதி வழியாக பீர் நிரப்பும் கருவிகள் பயன்படுகின்றன. கோப்பையைச் சாய்த்துப் பிடித்து ஊற்ற வேண்டியதில்லை என்பதால் ஊழியர் ஒரே நேரத்தில் பல கோப்பைகளை நிரப்பலாம்.

விலை: அமெரிக்காவின் அட்லாண்டா யுனைடெட் கால்பந்து அணி ஆடும் மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கம் 2017இல் திறக்கப்பட்டபோது ஹாட்டாக் 2 டாலர், மீண்டும் நிரப்பிக்கொள்ளக்கூடிய குளிர்பானம் 2 டாலர் என விற்கப்பட்டன. வரியும் சேர்ந்த முழு டாலர் விலை என்பதால் சில்லறை எண்ணும் நேரமும் மிச்சமானது. அதே அரங்கில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபால்கன்ஸ், முந்தைய அரங்கைவிட விலையைப் பாதியாகக் குறைத்தும், உணவுக்கு ஒரு ரசிகர் செலவிட்ட தொகை 16% கூடியதாக அறிவித்தது. விலையைக் குறைத்தால் வருமானம் குறையும் என்ற எண்ணத்திற்கு இது எதிர்ச்சான்று.

தெரிவு: ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கழகம் 2015 முதல் முற்றிலும் தாவர உணவையே விற்கிறது. பிரைட்டன் கழகம் தன் அரங்கில் எதிரணி ஆதரவாளர்களுக்கு அவர்கள் ஊர்ப் பகுதியில் தயாராகும் பீரை வழங்கி நற்பெயர் பெற்றது. சைவ உணவு, ஹலால் உணவு, ஒவ்வாமை பற்றிய தெளிவான குறிப்பு ஆகியவையும் தேவை. அங்கேயே தயாரித்துப் பொதிந்து விற்கும் உணவில் எல்லாச் சேர்பொருள்களையும் அச்சிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் சட்டம்.

கவனிக்க வேண்டியவை

அட்டையும் கைப்பேசியும் கொண்டு பணம் செலுத்தும் முறை வரிசையை விரைவுபடுத்துகிறது. ஆனால் ரொக்கத்தை முற்றிலும் மறுத்தால் சிறுவர்களும் முதியோர் சிலரும் எதையும் வாங்க இயலாமல் போகும். கைப்பேசியில் முன்பதிவு செய்தாலும், உணவைப் பெறத் தனி இடம் இல்லாவிட்டால் வரிசை அங்கே உருவாகும். சக்கர நாற்காலியில் வருவோருக்குத் தாழ்வான கவுன்ட்டரோ இருக்கைக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடோ வேண்டும். எந்த மாற்றத்தையும் மதிப்பிட எளிய வழி ஒன்று உண்டு: இடைவேளையில் எழுந்து சென்றவர் இரண்டாம் பாதி தொடங்கும் முன் உணவுடன் தன் இருக்கைக்குத் திரும்பினாரா என்று பார்ப்பது.