சவுக்குத் தோப்பை வெட்டுமுன்

கோவிலம்பாக்கம் ஒரு காலத்தில் வயல்கள் சூழ்ந்த சிற்றூர். இன்று அங்கே சவுக்குக் கழிகளால் சாரம் கட்டாத தெரு அரிது. பக்கத்திலுள்ள நன்மங்கலம் காப்புக்காட்டில் எவரும் மரம் வெட்ட இயலாது. இக்கழிகள் பெரும்பாலும் செங்கற்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் விவசாயிகளின் பட்டா நிலங்களில் விளைபவை. மரத்தை மூலப்பொருளாகக் கொண்ட ஆலைகள் காட்டை நம்பாமல் விவசாயிகளிடமிருந்தே மரம் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையின் நோக்கம். ஆகவே நம் தோப்பைச் சீராக வெட்டுவது காட்டையும் காப்பதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் தணிக்கையின் பொருட்டு ஒரு கிராமத்துச் சங்கத்துக்குச் சென்றிருந்தேன. தவணை தவறிய அங்கத்தினர் ஒருவர், தம் ஒரு ஏக்கர் தோப்பை இரண்டாம் ஆண்டிலேயே ஒரு வியாபாரிக்குக் கண்மதிப்பாக விலை பேசி, முன்பணம் பெற்றுப் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். “வசூல் திருப்தி” என்று எழுதித் திரும்பினேன். மரத்தை எவ்வாறு வெட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் பிழை.

மறு ஆண்டு சென்றபோது நேரில் கண்டேன். ஐப்பசி அடைமழையில் லாரி தோப்புக்குள்ளேயே இறங்கியிருந்தது. கழியோடு மிளாரும் சருகும் அள்ளப்பட்டன. வேர்க்கட்டையும் விறகுக்காகத் தோண்டப்பட்டது. அடுத்து விதைத்த நிலக்கடலை சக்கரத் தடங்களில் சரியாக முளைக்கவில்லை. எத்தனை டன் போயிற்று என்று அப்பெரியவர் அறியார். “ஐயா, என் கடன் தீர்ந்தது, நிலம் கடன்பட்டுவிட்டது” என்றார்.

அவர் சொன்னது உண்மையே. சவுக்கின் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உதவுகிறது. எடைக்கு எடை நோக்கின், சத்து மிகுந்திருப்பது உள்மரத்தில் அன்று, மிளாரிலும் பட்டையிலுமே. அவற்றை நிலத்தில் விட்டால் அச்சத்து மண்ணுக்குத் திரும்பும். அனைத்தையும் வாரிக்கொண்டு போனால் அடுத்த பயிருக்கு என்ன மிஞ்சும்?

ஆகையால் அங்கத்தினர்கள் மூன்று முறைகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, தோப்பைப் பகுதி பகுதியாக வெட்டுதல். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,800 மரங்கள் நிற்கும். நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி நட்டு வந்தால், நான்காம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் 600 மரம் வெட்டலாம். மூன்றில் இரு பங்கு நிலம் எப்போதும் நிழலில் இருக்கும். விலை வீழ்ந்தாலும், 2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ போன்ற புயல் வந்தாலும், விற்க வேண்டியது முழுவதும் ஒரே நாளில் அகப்படாது.

இரண்டாவது, மழை ஓய்ந்து மண் காய்ந்தபின் வெட்டுதல். லாரி பாதையிலேயே நிற்கட்டும். கழிகளை ஆட்கள் சுமந்து வரட்டும். அடிமரத்தை ரம்பத்தால் தரையொட்டி அறுத்தால் மரம் வீணாகாது. மிளாரையும் வேர்க்கட்டையையும் நிலத்திலேயே விட்டு, பழைய வரிசைகளின் நடுவே புதுக் கன்றுகளை நடலாம். வரப்பிலுள்ள பனைமரத்தைத் தொட வேண்டா. அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021-இல் அரசு அறிவித்துள்ளது.

மூன்றாவது, அளந்து விற்றல். சாரத்துக்கு ஏற்ற நேரான கழிகளை எண்ணியும், மற்றவற்றை எடைமேடையில் நிறுத்தும் விற்க வேண்டும். வெட்டிய மரம் உலர உலர எடை குறையும். எனவே டன் கணக்கில் விற்பவர் தாமதியாமல் எடை போடுவது அவசியம். நம் நெசவாளர் அன்பர்களைப் பாருங்கள். சங்கத்தில் நூலை எடை போட்டு வாங்கி, துணியை அளந்து கொடுக்கிறார்கள். நூலைக் கண்மதிப்பில் வாங்க எந்த நெசவாளரும் இசையார். மரம் வளர்ப்போர் மட்டும் ஏன் இசைய வேண்டும்?

இவற்றைத் தனி ஒருவர் செய்வது கடினம், சங்கம் செய்யலாம். பல அங்கத்தினரின் மரத்தை ஒன்றுசேர்த்து விலைப்புள்ளி கோரலாம். எடைமேடைக்கு ஏற்பாடு செய்யலாம். யாவற்றினும் முக்கியமாக, கடன் தவணையை மரம் வெட்டும் காலத்தோடு பொருத்தி வைக்கலாம். அந்தப் பெரியவர் பச்சை மரத்தை விற்றது பேராசையால் அன்று. தவணை முன்னே வந்தது, மரம் பின்னே நின்றது.

கடனைத் திருப்பி வாங்குவதோடு சங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. அடுத்த போகத்துக்கும் அங்கத்தினரின் நிலம் விளைய வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை எடுத்துப் பேசுங்கள்.